கேட்பது காதா? கண்ணா?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஸ்பீக்கர் பெட்டி வாங்குவதைப் பற்றியதாகும். அதுவும் ஜோடி லட்சக்கணக்கில் விலை சொல்லப்படும் உயர்தரப் பெட்டிகளைப் பற்றியே பேசப்போகிறோம். "இது பணக்காரர் சமாச்சாரமாயிற்றே, நமக்கென்ன?" என்று சிலர் நினைக்கலாம். பணக்காரன் ஏமாந்தால் அவன் இரும்புப் பெட்டியில் ஒரு மூலை காலியாகும், அவ்வளவுதான். ஆனால் சங்கீதத்தில் பிரியமுள்ள ஒரு குமாஸ்தாவோ வாத்தியாரோ, பத்து வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததைக் கொண்டுபோய்க் கடைக்காரன் மேஜைமேல் வைக்கின்றாரே, அவரை உத்தேசித்தே இதைச் சொல்லுகின்றோம்.

கடையில் நடப்பதென்ன? மெத்தை நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். "இது இரண்டு லட்சம், அதோ அது ஆறு லட்சம், இப்போது கேளுங்கள்" என்கிறார்கள். விலையை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு அபிப்பிராயம் கேட்டால் என்ன அபிப்பிராயம் வரும்? ஆறு லட்சம் மட்டமென்று சொன்னால் தன்னைக் காது கேளாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. காது பொய் சொல்லுகிறது என்பது நம் வாதமல்ல. காதுக்குப் பேச இடமே கொடுப்பதில்லை என்பதுதான் நம் புகார்.

இது நம் ஊகமல்ல. கனடா தேசத்து அரசாங்க ஆராய்ச்சி சபையில் 1965 முதல் 1991 வரை வேலை பார்த்து, பிறகு அமெரிக்காவில் ஹார்மன் கம்பெனிக்கு வந்து சேர்ந்த பிளாய்ட் டூல் என்பவரும், ஷான் ஆலிவ் என்பவரும் 1994-ல் ஒரு பரீக்ஷையின் முடிவை வெளியிட்டார்கள். அந்தக் கம்பெனியின் சிப்பந்திகளிலேயே 40 பேரை உட்கார வைத்து, நான்கு விதப் பெட்டிகளுக்கு மார்க்குப் போடச் சொன்னார்கள். அவைகளில் பெரியவைகளும் விலை உயர்ந்தவைகளும் உண்டு. சின்னதாய், விலை மலிவாய் ஒன்றும் உண்டு. ஒரு தடவை பெட்டிகளைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டார்கள். மற்றொரு தடவை திரை போட்டு மறைத்துக் கேட்டார்கள். பார்த்துக் கேட்டபோது பெரிய பெட்டிகளுக்கு மார்க்கு ஏறிற்று, சின்னதற்கு இறங்கிற்று. திரை விழுந்ததும் அந்த வித்தியாசம் பெரும்பாலும் சுருங்கிப் போயிற்று.

இதைவிட விசேஷமான சங்கதி ஒன்று அதில் உண்டு. பெட்டியை அறைக்குள் வேறு இடத்துக்கு நகர்த்தினால் சப்தம் மாறுவது இயற்கை. திரையிட்டிருந்தபோது அந்த மாறுதலுக்குத் தக்கபடி மார்க்கும் மாறிற்று. கண்ணால் பார்த்தபோதோ, சப்தம் மாறியும் அநேகமாக மார்க்கு மாறவில்லை! அதாவது, கண் முடிவு செய்த பிறகு காதுக்குள் போனது எதுவும் கணக்கில் சேரவில்லை. ஸ்பீக்கர் செய்து விற்கும் கம்பெனியின் ஆட்களுக்கே கதி இதுவென்றால், கடைக்குள் முதல் தடவையாக நுழையும் நம்மவர் கதி என்ன?

"நல்லது கெட்டது தெரிய விசேஷக் காது வேண்டும், உங்களுக்கெல்லாம் புரியாது" என்று ஒரு பேச்சு உண்டு. ஞானக்கண் போல இது ஞானக்காது போலும்! அதே ஆலிவ் 2003-ல் 268 பேரை வைத்து நடத்திய பரீக்ஷையை வெளியிட்டார். பயிற்சி பெற்றவர்கள், கடைக்காரர்கள், பத்திரிகையில் மதிப்புரை எழுதுகிறவர்கள், காலேஜ் மாணவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் மார்க்கைக் கண்டிப்பாகப் போட்டார்கள், கேட்ட தடவையெல்லாம் முன்பின் முரணில்லாமல் போட்டார்கள், அது வாஸ்தவம். ஆனால் எது முதல், எது கடைசி என்ற வரிசை எல்லாக் கூட்டத்தாருக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆகவே, உங்கள் காதுக்கு யோக்கியதை இல்லையென்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது.

நிற்க, இனி நீங்கள் செய்யவேண்டியதைச் சொல்லுகிறோம். முதல் காரியம் சப்தத்தைச் சமப்படுத்துவது. ஒரே அளவு மின்சாரம் கொடுத்தால் ஒரு பெட்டி ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபெல் கொடுக்கும். மற்றொன்று 91 கொடுக்கும். முந்தியதைப் பிந்தியதற்குச் சமமாக ஒலிக்கச் செய்ய மூன்று மடங்குக்கு மேல் சக்தி வேண்டும். திருகைத் தொடாமல் பெட்டியை மட்டும் மாற்றினால் இரண்டாவது உரக்கக் கேட்கும்; உரக்கக் கேட்பது உயர்வாகத் தோன்றும். வித்தியாசம் ஒரு டெசிபெல்லாக இருந்தாலோ, உரக்க இருக்கிறதென்றுகூடத் தெரியாது. "தெளிவாக இருக்கிறது" என்றே தோன்றும். இது தெரிந்தே திருகைத் தொடாத வியாபாரிகளும் உண்டு. ஆதலால் சீரான ஓர் இரைச்சலை ஓடவிட்டு, கைபேசியிலுள்ள சப்தமானியை நாற்காலியில் ஒரே இடத்தில் வைத்து, இரண்டையும் அரை டெசிபெல்லுக்குள் கொண்டுவந்து நிறுத்துங்கள்.

பிறகு ஒரு மெல்லிய துணியைக் கட்டுங்கள். நண்பர் ஒருவர் பின்னாலிருந்து, உங்களுக்குச் சொல்லாமல் பெட்டியை மாற்றட்டும். நீங்கள் 'க', 'ங' என்று மட்டும் சீட்டில் குறியுங்கள். ஒரு தடவை போதாது. முறையை மாற்றி மாற்றிப் பல தடவை செய்யவேண்டும். ஜோடியாகக் கேட்பதைவிட ஒற்றைப் பெட்டியாகக் கேட்டால் குற்றம் சீக்கிரம் தெரியும் என்பது டூலின் அனுபவம். பாட்டையும் கடைக்காரன் பொறுக்கக் கூடாது. அவன் பொறுக்குவது அந்தப் பெட்டிக்கு ஒத்துவருகிற பாட்டாகவே இருக்கும். நீங்கள் நூறு தடவை கேட்டுப் பழகிய பாட்டைக் கொண்டுபோங்கள்.

கலிபோர்னியாவில் நார்த்ரிட்ஜ் என்ற ஊரில் ஹார்மன் கம்பெனி இதற்கென்றே ஓர் அறை கட்டிற்று. கருந்துணிக்குப் பின்னால் யந்திரம் சில விநாடிகளில் பெட்டியை மாற்றி, எல்லாப் பெட்டியையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தும். இடத்துக்காக ஏன் இவ்வளவு பாடு என்றால், சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேயுள்ள கனத்த நாதத்தில் பெட்டியைவிட அறையின் ஆதிக்கமே அதிகம். சுவர் ஓரம் வைத்தால் அது பெருகும். சில மூலைகளில் குமுறும். கடையில் கேட்ட கனம் உங்கள் வீட்டில் கேட்குமென்பதற்கு ஜவாப்தாரி யார்? ஆகவே கடைசிப் பரீக்ஷை உங்கள் வீட்டில்தான் நடக்கவேண்டும்.

பெட்டியோடு தலையில் கட்டும் கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. 12 அடி நீளமுள்ள ஜோடிக்கு 7,250 டாலர் விலை போட்ட கம்பி ஒன்று இருந்தது. அதற்கும் சாதாரணக் கம்பிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாராமல் காதால் மட்டும் கண்டுபிடித்தால் 10 லட்சம் டாலர் தருவதாக, ஜேம்ஸ் ராண்டி என்ற மாயவித்தைக்காரர் 2007-ல் அறைகூவினார். பத்திரிகைகளில் சண்டை நடந்ததே தவிர, பரீக்ஷை கடைசிவரை நடக்கவில்லை.

இன்னொன்று. "முந்நூறு மணி நேரம் ஓடினால்தான் பெட்டி பழகிச் சப்தம் திறக்கும்" என்பார்கள். அந்த முந்நூறு மணியில் பெட்டி பழகுவதைவிட உங்கள் காது பழகுவதே அதிகம். அதற்குள் சாமானைத் திருப்பிக் கொடுக்கும் கெடுவும் தாண்டிவிடும். கெடு எத்தனை நாள் என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்க மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

சந்தேகம் உள்ளவர்கள் இப்போது கேட்கலாம்.