பருவமும் பக்குவமும்: வாக்குரிமைக்கு வயது எது?

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

பிரிட்டனில் 16 வயது நிரம்பியோருக்கும் பொதுத்தேர்தலில் வாக்குரிமை வழங்கப்போவதாக அந்நாட்டு அரசு 2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அறிவித்தது. அதுமுதல் நம் மஹல்லாப் பிள்ளைகள் சிலர், "ஹஜ்ரத், நம் நாட்டிலும் அப்படிக் குறைக்கலாமா? மார்க்கம் என்ன சொல்கிறது?" என்று கேட்டு வருகின்றனர். கேள்வி நல்ல கேள்வி. பிள்ளைகள் கேட்டது நாட்டைப் பற்றி. அதற்கான விடையோ நம் பள்ளிவாசலின் வாசலுக்கே வந்து நிற்கிறது. ஆகவே இச்சபையில் அதைப் பேச எடுத்துக்கொண்டேன்.

முதலில் நம் நாட்டின் வரலாற்றைச் சிறிது நினைவுகூர்வோம். அரசியல் சாசனம் தொடக்கத்தில் 21 வயதையே வாக்குரிமைக்கான வயதாக வைத்திருந்தது. 1988 டிசம்பரில் நாடாளுமன்றம் 61ஆவது திருத்தத்தை நிறைவேற்றி, சாசனத்தின் 326ஆவது பிரிவில் 21 என்றிருந்ததை 18 என மாற்றியது. 1989 மார்ச் 28 அன்று அது நடைமுறைக்கு வந்தது. நம் தமிழகத்தில் அவ்வாண்டு ஜனவரி 21 அன்று சட்டமன்றத் தேர்தல் நடந்தபோது 18, 19, 20 வயதினருக்கு வாக்கு இல்லை. அதே ஆண்டு நவம்பரில் மக்களவைத் தேர்தல் வந்தபோது அவர்களுக்கு வாக்கு இருந்தது. பத்து மாதங்களில் அப்பிள்ளைகளின் அறிவு பன்மடங்காகப் பெருகிவிடவில்லை. சட்டம் வரைந்த கோடுதான் இடம் மாறியது. இச்சபையில் ஐம்பது வயதைக் கடந்து அமர்ந்திருப்போரில் சிலர் அன்றைய அப்பிள்ளைகளாக இருக்கக்கூடும்.

உலகிலும் இக்கோடு ஓரிடத்தில் நிற்கவில்லை. பிரேசில் 1988ஆம் ஆண்டிலேயே 16, 17 வயதினருக்கு விரும்பினால் வாக்களிக்கும் உரிமையை அளித்தது. ஆஸ்திரியா 2007இல் 16 என ஆக்கியது. முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் இந்தோனேசியாவில் 17. நம் உறவினர் பலர் வாழும் மலேசியாவில் 21 என்றிருந்ததை 2019இல் நாடாளுமன்றம் 18 ஆகக் குறைத்தது. ஆக, வயது என்பது மனிதர்கள் கலந்தாலோசித்து வரையும் கோடு. அதைக் கூட்டுவதும் குறைப்பதும் பாவமுமன்று, புண்ணியமுமன்று. நியாயம் எதில் உள்ளது என்பதே கேள்வி.

மார்க்கச் சட்டத்திலும் இத்தகைய கோடு உண்டு. இப்னு உமர் (ரலி) அவர்கள் உஹதுப் போரின்போது 14 வயதினர். நபி (ஸல்) அவர்கள் போருக்கு அனுமதிக்கவில்லை. அகழ்ப் போரின்போது 15 வயதினர், அனுமதித்தார்கள். பிற்காலத்தில் இச்செய்தியைக் கேட்ட கலீஃபா உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்கள், சிறுவருக்கும் பெரியவருக்கும் இதுவே எல்லை என்று கூறி, 15 வயதை அடைந்தோருக்கு அரசின் உதவித்தொகையை ஒதுக்குமாறு ஆளுநர்களுக்கு எழுதினார்கள். பருவத்தின் அடையாளம் வெளிப்படாதபோது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் 15 வயதை எல்லையாகக் கொண்டார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களோ ஆணுக்கு 18, பெண்ணுக்கு 17 என்றார்கள். மாபெரும் இமாம்களே கருத்து வேறுபட்ட இடம் இது.

எனினும் ஃபிக்ஹு நூல்கள் இரண்டு சொற்களைத் தனித்தனியே பிரித்து வைத்துள்ளன. ஒன்று புலூக், அதாவது பருவமடைதல். மற்றொன்று ருஷ்து, அதாவது நன்மை தீமை அறிந்து பொறுப்பைக் கையாளும் பக்குவம். பருவம் வந்தவன்மீது தொழுகையும் நோன்பும் கடமையாகிவிடும். ஆனால் அநாதைப் பிள்ளையின் சொத்தை அவனிடம் ஒப்படைக்கப் பருவம் மட்டும் போதாது. பக்குவமும் காணப்பட வேண்டும். அந்நிஸா அத்தியாயத்தின் 6ஆவது வசனம் இதற்கு ஒரு வரிசையைக் கற்பிக்கிறது: முதலில் அப்பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்க வேண்டும், பக்குவம் தெரிந்தால் சொத்தை ஒப்படைக்க வேண்டும், ஒப்படைக்கும்போது சாட்சிகளை வைக்க வேண்டும்.

அந்தச் சோதனை எப்படி என்பதையும் ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் விளக்கியுள்ளனர். வியாபாரியின் மகனைக் கொடுக்கல் வாங்கலிலும் விலை பேசுவதிலும் சோதிக்க வேண்டும். விவசாயியின் மகனைப் பயிர் செய்வதிலும் வேலையாட்களுக்குச் செலவிடுவதிலும் சோதிக்க வேண்டும். அச்சோதனை பருவமடைவதற்கு முன்பே நடக்க வேண்டும் என்பதே வலுவான கருத்து. பொறுப்பு கைக்கு வந்தபின் கற்றுக்கொள்ளட்டும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை.

இப்போது 16 வயது வாக்குரிமைக்கு வருவோம். ஆதரிப்போர் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின்படி, 16 வயது நிரம்பியவன் மிகக் கொடிய குற்றம் செய்ததாகக் கருதப்பட்டால் பெரியவனைப்போல் விசாரிக்கப்பட வழியுண்டு. தண்டனைக்குப் பெரியவன், வாக்குக்குச் சிறியவனா என்று அவர்கள் கேட்கின்றனர். மறுப்போர், அவ்வயதில் அறிவு போதாது என்கின்றனர். இதே காரணத்தைச் சொல்லித்தான் ஒரு காலத்தில் எழுதப் படிக்கத் தெரியாத ஏழைக்கு வாக்கு எதற்கு என்றார்கள். ஆகவே அந்த மறுப்பை நான் ஏற்கவில்லை.

ஆயினும் இன்றே 16 ஆகக் குறைக்க வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். காரணம் பிள்ளைகளிடம் இல்லை. பெரியவர்களாகிய நம்மிடம் உள்ளது. வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதன் காரணமாக 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் ரத்தானது. 2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தொகுதித் தேர்தலும் பெருந்தொகை பிடிபட்டதால் ரத்தாகி, ஆகஸ்டில்தான் நடந்தது. லஞ்சம் கொடுப்பவனையும் வாங்குபவனையும் நபி (ஸல்) அவர்கள் சபித்துள்ளார்கள் என்பதை நாம் அறிவோம். தகப்பன் உறையை வாங்கிச் சட்டைப்பையில் வைப்பதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு 16இல் வாக்களித்தால் என்ன, 18இல் அளித்தால் என்ன? சோதனையும் பயிற்சியும் இன்றி வயதை மட்டும் குறைத்தால், விலைபோகும் வாக்குகளின் எண்ணிக்கையே கூடும்.

மேலும், கிடைத்திருக்கும் 18ஐ நாம் என்ன செய்தோம்? 2024 மக்களவைத் தேர்தலின்போது நாடு முழுவதும் பட்டியலில் இருந்த முதன்முறை வாக்காளர்கள் சுமார் 1.8 கோடி. அவ்வயதினரின் மொத்தத் தொகையில் அது பாதியைக்கூட எட்டவில்லை. 2025 நவம்பர் 4 அன்று தமிழகத்தில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் 97 லட்சத்திற்கும் மேற்பட்ட பெயர்கள் இடம்பெறவில்லை. அவற்றில் பெரும்பங்கு, முகவரியில் இல்லாதோர், இடம் மாறியோர் என்ற கணக்கில் நீங்கியவை. நம் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர் பகுதிகளின் நிலை நமக்குத் தெரியாததன்று. வெளியூரிலிருந்து பிழைப்புக்கு வந்து, வாடகை வீட்டிலிருந்து வாடகை வீட்டிற்கு மாறும் குடும்பங்கள் பல. பெயர் ஊரில், உடல் இங்கே. இன்னும் சில வீடுகளில், "இன்னொரு வீட்டுக்குப் போகிற பெண்தானே" என்று மகளின் பெயரைச் சேர்ப்பதே இல்லை. இது அவளது உரிமையைத் தடுப்பதாகும்.

பெருமக்களே! இனி நம் வீட்டு விஷயத்திற்கு வருகிறேன். நாட்டின் சட்டம் 18 வயதில் வாக்களிக்கச் சொல்கிறது. 21 வயதில் தாம்பரம் மாநகராட்சியின் 70 வார்டுகளில் ஒன்றில் போட்டியிடவும் அனுமதிக்கிறது. 25 வயதில் சட்டமன்றத்திற்கே போகலாம். ஆனால் பல மஹல்லாக்களில் மணமாகித் தனிக் குடும்பமாகிச் சந்தா எழுதியவருக்கே ஜமாஅத்தில் வாக்கு. நாட்டின் பிரதமர் யார் என்பதற்கு வாக்களித்த பட்டதாரி இளைஞன், தன் பள்ளிவாசலின் முத்தவல்லி யார் என்பதில் 28 வயதிலும் வாய் திறக்க முடியாது. பிறகு, இளைஞர்கள் ஜமாஅத்தை விட்டு விலகிப் போகிறார்கள் என்று நாமே வருந்துகிறோம்!

"சிறுவர்களை உள்ளே விட்டால் குழப்பம் வரும்" என்று சில பெரியவர்கள் அஞ்சுகின்றனர். உஸாமா (ரலி) அவர்களின் வரலாறு அதற்குப் பதில். நபி (ஸல்) அவர்கள் தம் இறுதி நாட்களில், ஏறத்தாழ 18 வயதினரான அவரை, மூத்த ஸஹாபாக்கள் இடம்பெற்ற படைக்குத் தளபதியாக நியமித்தார்கள். சிலர் குறை பேசியபோதும் நியமனத்தை மாற்றவில்லை. அவர் அதற்குத் தகுதியானவர் என்றே உரைத்தார்கள். பிறகு கலீஃபாவான அபூபக்ர் (ரலி) அவர்கள், வாகனத்தில் சென்ற அவ்விளைஞருக்குப் பக்கத்தில் நடந்து சென்று வழியனுப்பினார்கள். உமர் (ரலி) அவர்களை மதீனாவில் தம்முடன் நிறுத்திக்கொள்ள அவரிடமே அனுமதி கேட்டார்கள். தலைவர் அவ்வாறு மதித்ததால் இளைஞரின் பொறுப்பு கூடிற்று; பெரியோரின் கண்ணியம் குறையவில்லை.

விதியை மாற்றும் அதிகாரம் எனக்கில்லை. பொதுக்குழுவாகிய உங்களுக்கே உண்டு. எனவே மூன்று செய்திகளை உங்கள் மஷூராவிற்கு வைக்கிறேன்.

ஒன்று: 18 வயது நிரம்பிய மஹல்லாவாசியை, மணமானாலும் ஆகாவிட்டாலும், சிறிய சந்தாவுடன் உறுப்பினராக்கி வாக்குரிமை அளியுங்கள்.

இரண்டு: 16, 17 வயதுப் பிள்ளைகளைப் பொதுக்குழுவில் அமர்த்துங்கள். வாக்கு வேண்டாம், கேட்கவும் பேசவும் இடம் கொடுங்கள். ரமலானில் நோன்புக் கஞ்சிக்கான சாமான்களை விலை பேசி வாங்கும் பொறுப்பை அவர்களிடம் தாருங்கள். ஜும்ஆ வசூலை எண்ணும்போது உடன் வையுங்கள். பைத்துல்மால் உதவி கேட்கும் வீடுகளை விசாரிக்க ஒரு பெரியவருடன் அனுப்புங்கள். கணக்கைச் சபையில் அவர்களே படிக்கட்டும். நாம் சாட்சிகளாக இருப்போம். அறிஞர்கள் சொன்ன சோதனை இதுதான்.

மூன்று: வாக்காளர் பட்டியல். 17 வயது நிரம்பியவர் முன்கூட்டியே படிவம் 6 கொடுக்கலாம் என்று தேர்தல் ஆணையம் 2022இல் அறிவித்தது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாள் ஆகிய நான்கில் எதில் 18 நிரம்புகிறதோ, அதைக் கொண்டு பெயர் சேரும். வீடு மாறியோருக்குப் படிவம் 8. ஆண்பிள்ளை, பெண்பிள்ளை இருவருக்கும் இதை நிரப்பித்தர ஜும்ஆவுக்குப்பின் நம் பட்டதாரி இளைஞர்கள் உதவட்டும்.

அருமைப் பிள்ளைகளே! உங்கள் கேள்விக்கு என் விடை இதுவே. வயதைக் குறைக்கச் சட்டமன்றமும் நாடாளுமன்றமும் என்றேனும் கூடட்டும். அதுவரை காத்திராமல் பக்குவத்தை நீங்கள் இன்றே காட்டுங்கள். வாக்கு என்பது அமானிதம், சாட்சியம். அதை விற்காதவனே அதற்குத் தகுதியானவன், அவனுக்கு வயது 16 ஆனாலும் 60 ஆனாலும் சரியே.

அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்கும் நல்லோராக நம் அனைவரையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.