விழா எடுக்கும் சிறு நாடு



பல நாட்டவரை அழைத்து விளையாட்டு விழா எடுப்பது செல்வம் மிகுந்த பெரிய நாடுகளுக்கே இயலும் என்று எண்ணுவோர் பலர். தெற்காசியாவின் அனுபவம் இதற்கு மாறானது. இப்பிராந்தியத்தின் முதலாவது விளையாட்டு விழா 1984 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் நடைபெற்ற இடம் டில்லியன்று. நேபாளத்தின் தலைநகரான காத்மண்டு. ஏழு நாடுகள் அங்கே கூடின. மெய்வல்லுநர் போட்டி, உதைபந்தாட்டம், நீச்சல், குத்துச்சண்டை, பாரந்தூக்கல் என்னும் ஐந்து துறைகளிலேயே போட்டிகள் நிகழ்ந்தன. மலைகளுக்கு நடுவேயுள்ள சிறிய நாடொன்று தன் அளவறிந்து பந்தலிட்டது, விழாவும் நிலைத்தது.

இவ்வாறு விழா எடுப்பதால் ஒரு சிறு நாடு அடையும் பயன் யாது? முதலாவது, வீரருக்குக் கிட்டும் வாய்ப்பு. 1984 இல் 7 தங்கப் பதக்கங்களைப் பெற்ற இலங்கை, 1991 டிசெம்பரில் கொழும்பிலே விழா நடத்தியபோது 44 தங்கப் பதக்கங்களைப் பெற்றது. போட்டிகளின் தொகை பெருகியமை இதற்கு ஒரு காரணம். ஆயினும் பழகிய மைதானமும், சொந்த மக்களின் ஆரவாரமும், செலவு பற்றிய கவலையின்றி எல்லாத் துறைகளுக்கும் வீரரைச் சேர்க்கும் வசதியும் இதிற் பங்குடையன என்பதை மறுத்தல் இயலாது. இரண்டாவது பயன், விழா முடிந்த பின்னும் எஞ்சும் மைதானங்கள். 2015 ஆம் ஆண்டு நிலநடுக்கத்திற் சிதைந்த காத்மண்டுவின் தசரத அரங்கு, 2019 ஆம் ஆண்டு விழாவை முன்னிட்டே திருத்தி எழுப்பப்பட்டது.

மூன்றாவது பயன் ஒன்றுண்டு. விழா எடுக்கும் நாடு தன் மக்கள் யாவரையும் ஒரே வீட்டார் என உணரச் செய்தல் அது. இப்பயனை நாம் பெற்றோமா என்பதே என் கேள்வி.

1991 இல் கொழும்பிலே சுடர் ஏற்றப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் விளக்கெரிய மின்சாரம் இல்லை. புகையிரதம் 1990 ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. மிதிவண்டியைக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுழற்றி, தைனமோவின் வலுவில் வானொலி கேட்ட காலம் அது. 2006 இல் விழா மீண்டும் கொழும்புக்கு வந்தது. எட்டு நாடுகள் பங்குபற்றிய அவ்விழா ஓகஸ்ட் 18 ஆந் திகதி தொடங்கியது. அதற்கு ஒரு வாரத்தின் முன், 11 ஆந் திகதி, முகமாலையிற் போர் மூண்டு ஏ-9 பாதை மூடப்பட்டது. ஊரடங்கில் யாழ்ப்பாணம் உறைந்தது. குருநகர்க் கரையில் வள்ளங்கள் தொழிலின்றிக் கிடந்தன. முன்கூடத்தில் விருந்தினருக்கு வாழையிலை விரித்திருக்க, உள்ளறையில் வீட்டுப் பிள்ளை பசித்திருப்பின், அதனை நிறைந்த விருந்தென்று யார் சொல்வார்?

அப்பிள்ளை திறமையற்ற பிள்ளையுமன்று. 1958 ஆம் ஆண்டு டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, இந்நாட்டுக்கு ஆசிய விழாக்களின் முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டித் தந்தவர் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அவர்கள். குருநகரிலோ, நடக்கப் பழகிய குழந்தை அடுத்துப் பழகுவது பந்தை உதைக்கவே. மாலையிற் கடற்காற்று வீசும் நேரத்தில் வெறுங்காலோடு ஆடும் சிறுவரைக் கண்டோர் இதனை மிகையென்று கூறார்.

விழாவைத் தலைநகருக்கு வெளியே கொண்டு செல்வது இயலாத காரியமுமன்று. 2016 இல் இந்தியா தன் வடகிழக்கிலுள்ள கௌகாத்தியிலும் ஷில்லாங்கிலும் விழாவை நடத்தியது. 2019 இல் நேபாளம் காத்மண்டுவோடு பொக்காராவுக்கும் ஜனக்பூருக்கும் போட்டிகளைப் பகிர்ந்தளித்தது. நம் நாடும் 2011 இல் தெற்காசியக் கடற்கரை விளையாட்டு விழாவை அம்பாந்தோட்டையில் நடத்தியது. தென்கோடிக்கு இயன்றது வடகோடிக்கு ஏன் இயலாது? 2014 இல் புகையிரதம் யாழ்ப்பாணத்திற்கு மீண்டு வந்தது. குருநகருக்கு அண்மையிலுள்ள துரையப்பா விளையாட்டரங்கு இந்திய உதவியுடன் புனரமைக்கப்பட்டு 2016 ஜூனில் திறக்கப்பட்டது.

ஆகவே இலங்கை அடுத்த முறை விழா எடுக்கும் நாளில், உதைபந்தாட்டத்தின் ஒரு பிரிவேனும் யாழ்ப்பாணத்தில் நிகழ வேண்டும் என்பது என் வேண்டுகோள். கேட்பதோடு நம் கடமை முடியாது. மைதானம் தந்தால் போதாது. கோடு கீறவும், நேரம் குறிக்கவும், நடுவராய் நிற்கவும் பயின்ற கைகள் வேண்டும். அவர்களை உருவாக்குவது பாடசாலைகளின் பணி. இல்ல விளையாட்டுப் போட்டியை ஒழுங்காக நடத்தப் பழகிய மாணவனே நாளை நாடுகளின் போட்டியை நடத்துவான். ஆசிரியர்களும் பெற்றோரும் மாலை வேளையில் ஒரு மணி நேரத்தைப் பிள்ளைகளின் விளையாட்டுக்கு விட்டுக்கொடுத்தல் வேண்டும்.

சிறு நாடு விழா எடுப்பது பெருமை. அந்நாட்டின் கடைசிக் கரையில் வாழும் பிள்ளையும் அதனைத் தன் வீட்டு விழா என்று சொல்லும் நாளிலேயே அப்பெருமை முழுமையுறும்.