கணிப்பொறியும் கைத்திறமும்



மின்வலையைக் கணிப்பொறி ஆளும் காலம் இது. பழுதுற்ற இடத்தை அது நொடியிற் காட்டுகிறது. தொலைவிலிருந்தே மின்னோட்டத்தை நிறுத்தவும் தொடரவும் செய்கிறது. நன்றே! ஆயின், தொலைவிலிருந்து நாம் இயக்குவதைப் பகைவனும் இயக்கக் கூடுமன்றோ?

2015 திசம்பர் 23ஆம் நாள் உக்ரைன் நாட்டில் அதுவே நிகழ்ந்தது. மின்னஞ்சல்வழி முன்னரே உட்புகுந்து கடவுச்சொற்களைக் கவர்ந்திருந்த கயவர், மூன்று மின்வழங்கல் நிறுவனங்களின் கணிப்பொறிகளைக் கைப்பற்றினர். ஓரிடத்தில், பணியாளர் பார்த்திருக்கவே திரைச்சுட்டி தானே நகர்ந்து மின்தொடர்புகளைத் துண்டித்தது. ஏறத்தாழ 2,25,000 இணைப்புகள் இருண்டன. மீட்டது எது? ஊழியர் துணைமின் நிலையங்களுக்கு நேரிற் சென்றனர், கையால் இயக்கினர், சில மணி நேரத்தில் ஒளி மீண்டது.

புதுப்பொறியை ஏற்போம்! அஃது அமையும் நாளிலேயே, அது வீழுங்கால் கையால் இயக்கும் பயிற்சியையும் ஊழியர்க்கு அளிப்போம்! கைத்திறம் இழந்த நாட்டிற்குக் கருவியே விலங்காகும்.