வீட்டு மின்கருவிகளும் ‘எர்த்’ கம்பியும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இசையும் நாடகமும் நிறைந்த இவ்விழாவில் மின்கம்பியைப் பற்றிப் பேச வந்தோமே என்று சிலர் நகைக்கக்கூடும். சென்ற கோடையில் நம் காலனியில் நிகழ்ந்த ஒன்றே நம்மைப் பேசத் தூண்டியது.

தில்லிக் கோடையில் கூலர் இல்லாமல் ஜூன் மாதத்தைக் கடத்துவது அரிது. தகரப் பெட்டி, தண்ணீர், மின்சாரம் மூன்றும் ஒன்றாய் வாழும் கருவி அது. அன்பர் ஒருவரின் இல்லத்தில் அதற்குத் தண்ணீர் நிரப்பிய அம்மையார் தகரத்தைத் தொட்டவுடன் கை ‘சுரீர்’ என்றது. காலில் ரப்பர் செருப்பு இருந்தமையால் பிழைத்தார். அவ்வீட்டில் நடை பழகும் குழந்தை ஒன்று உண்டு. ஈரத்தரையில் வெறுங்காலுடன் அந்தத் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதே அதன் விளையாட்டு.

வயர்மேன் வந்தார். பிளக்கில் மூன்று முனைகளும் இருந்தன. கூலரின் கம்பியிலும் குறையில்லை. சுவரிலுள்ள சாக்கெட்டைக் கழற்றிய பின்னரே உண்மை வெளிப்பட்டது. மேல் துளைக்குப் பின்னால் நாலு விரற்கடைப் பச்சைக் கம்பி சுருண்டு கிடந்தது. அதன் மறுமுனை எதனோடும் சேரவில்லை.

பேஸ் கம்பியோ நியூட்ரல் கம்பியோ அறுந்தால் விளக்கு அணையும். உடனே ஆள் அனுப்புகிறோம். எர்த் அறுந்தாலோ கூலர் முன்போலவே ஓடும், இஸ்திரிப்பெட்டி முன்போலவே சுடும். அது வேண்டப்படும் ஒரு நொடியில்தான் அது இல்லை என்பது தெரியவரும். அதற்காகவே பிளக்கின் மேல்முனையை நீளமாகச் செய்திருக்கிறார்கள்: செருகும்போது முதலிலும், பிடுங்கும்போது கடைசியிலும் விலகுமாறு. நம்மில் சிலரோ இருதுளை சாக்கெட்டில் நுழைக்க வேண்டி அம்முனையையே ஒடித்துவிடுகிறோம்!

ஆபத்தின் அளவையும் கூறவேண்டும். அமெரிக்காவில் பெர்க்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் தாமே முன்வந்தவர்களைக் கொண்டு ஆராய்ந்தார். சராசரியாக ஆடவருக்கு 16 மில்லி ஆம்பியரும், பெண்டிருக்கு 10.5 மில்லி ஆம்பியரும் ஆனபோது, பற்றிய கையை விடுவிக்கும் ஆற்றல் போய்விடுவதை அவர் கண்டார். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். ஈர உடலின் தடை 1,000 ஓம் என்று கொண்டால் பாய்வது 230 மில்லி ஆம்பியர்.

“எங்கள் வீட்டில் எர்த் குழி உண்டே” என்பீர்கள். உண்டுதான். உப்பும் கரியும் இட்ட அக்குழிக்குக் கடைசியாக என்று தண்ணீர் ஊற்றினோம்? மண் காய்ந்தால் தடை ஏறும். கூலர் ஓடும் பருவமும் மண் காயும் பருவமும் ஒன்றே. தடை 10 ஓம் என்றாலும் 23 ஆம்பியருக்கு மேல் மண்ணில் இறங்காது. 16 ஆம்பியர் எம்.சி.பி. அவ்வளவு மின்னோட்டத்தில் அறுபட ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை தகரம் உயிரோடிருக்கும்.

ஆகவே ஆர்.சி.சி.பி. என்னும் துண்டிப்பானும் வேண்டும். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமா என்று அது ஓயாது ஒப்பிடுகிறது. கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் நொடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் துண்டித்துவிடும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதந்தோறும் அழுத்துங்கள். ஆனால் அப்பொத்தான் துண்டிப்பானை மட்டுமே சோதிக்கும்; எர்த் அறவே இல்லாத வீட்டிலும் அது ‘டக்’கென்று விழும்.

வயர்மேன்கள் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே பல்பு எரித்துக் காட்டுவதுண்டு. அதிலும் ஏமாற இடமுண்டு. 100 வாட் பல்புக்கு அரை ஆம்பியர்கூட வேண்டாம். ஒற்றை இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் எரியும். இது கருதியே, கருவிகளின் தரவிதிப்படி உலோக உடலுக்கும் எர்த் முனைக்கும் இடையே குறைந்தது 25 ஆம்பியர் செலுத்தி, தடை 0.1 ஓமைத் தாண்டுகிறதா என்று பார்க்கிறார்கள். வேறொரு தந்திரமும் உண்டு. சாக்கெட்டுக்குள்ளேயே எர்த் துளையை நியூட்ரலோடு பிணைத்துவிடுவார்கள். பல்பு பளிச்சென்று எரியும். நியூட்ரல் அறுந்த அன்று கருவியின் உடல் முழுவதும் 230 வோல்ட் ஏறும். இதனைச் செய்பவரை வயர்மேன் என்று அழைக்க நமக்கு மனமில்லை. பழைய வீடுகளில் இரும்புத் தண்ணீர்க் குழாயில் எர்த்தைக் கட்டியிருந்தனர். குழாய் பிளாஸ்டிக்காக மாறியபோது அந்த எர்த்தும் போயிற்று.

சதுரத்துக்குள் சதுரம் பொறித்த கருவிகள் இரட்டைக் காப்புடையவை. அவற்றுக்கு எர்த் வேண்டியதில்லை. கூலர், கீஸர், இஸ்திரிப்பெட்டி, குளிர்பெட்டி இவற்றின் உலோக உடலுக்கு அவசியம் வேண்டும்.

அந்த அன்பரின் வீட்டில் சாக்கெட்டிலிருந்து பலகை வரை புதிய பச்சைக் கம்பி இழுத்தாயிற்று. அண்டைவீட்டில் திறந்து பார்த்தபோது அங்கும் அதே சுருண்ட கம்பி. ஒரே ஒப்பந்தக்காரர் கட்டிய வீடுகள் அல்லவா? வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வயர்மேன் அளவுகருவியுடன் முதல் வரிசையில் தொடங்குகிறார். சாக்கெட்டுகளை மறைத்திருக்கும் அலமாரிகளைத் தாய்மார்கள் முன்னதாகவே நகர்த்தி வைக்கும்படி வேண்டுகிறோம்.