பெயர் சொல்லி அழைப்பவர்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



ஜூன் பிறக்கிறது. சேத்தியாத்தோப்பு கடைவீதியில் நோட்டுக்கும் பைக்கும் கூட்டம் சேர்ந்துவிட்டது. இந்த வேளையில், நம் குடும்பங்களிலிருந்து முதன்முறையாக ஆசிரியர் பணிக்குப் போகிற பிள்ளைகளைச் சற்று நினைப்போம். பி.எட். முடித்து, தகுதித் தேர்வு எழுதி, ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள். வேலை கிடைத்ததும் நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். நல்லது. அதன் பிறகு என்ன கேட்டு செபிக்கிறோம்? சீக்கிரம் பக்கத்து ஊருக்கு மாறுதல் கிடைக்க வேண்டும் என்றுதானே!

மாறுதல் கேட்பதில் தவறில்லை. ஆனால் முதல் நாள் வகுப்பறை வாசலில் நிற்கும்போது வேறொரு கேள்வி எழ வேண்டும். நான் கிறிஸ்தவன், நான் கிறிஸ்தவள் என்பது இந்தப் பிள்ளைகளுக்கு எதனால் தெரியும்?

இதே கேள்வியோடு நின்றவர்கள் நமக்கு முன்னோராக இருக்கிறார்கள். அன்று நம் பகுதி முழுவதும் புதுச்சேரி மறைத்தலைமைக்கு உட்பட்டிருந்தது. 1844-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆயர் போன்னாண்ட் குருக்களைக் கூட்டி மாமன்றம் நடத்தினார். உள்ளூர்க் குருக்களை உருவாக்குவதும் பிள்ளைகளின் கல்வியும் அங்கே பேசப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில் தந்தை லூயி சவினியேன் துப்புய், பெண்பிள்ளைகளுக்குக் கல்வி கொடுப்பதற்காகத் தமிழ்ப் பெண்களைக் கொண்டே ஒரு துறவற சபையைத் தொடங்கினார். மரியாவின் மாசற்ற இதயத்தின் பெயரால் இன்றும் பணி செய்கிற சகோதரிகளின் சபை அதுதான். தந்தை துப்புய் மறைத்தள அச்சகத்தை நடத்தியவர். தந்தை முசே அவர்களோடு சேர்ந்து தமிழ் - பிரெஞ்சு அகராதியைத் தந்தவரும் அவரே.

அந்த முதல் சகோதரிகளின் நிலையை எண்ணிப் பார்ப்போம். தேவதாசிகளைத் தவிர மற்றப் பெண்கள் எழுத்துக் கற்பதை இழிவாக நினைத்த காலம் அது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே பணியாற்றிய அபே துபுவா இதை எழுதியே வைத்திருக்கிறார். நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு ஏட்டில் என்ன வேலை என்று கேட்ட சமூகத்தின் நடுவில் அந்தச் சகோதரிகள் சிறுமிகளுக்கு முன் போய் நின்றார்கள். பெண் ஆசிரியை ஒருவரைப் பார்த்துப் பழகும் வாய்ப்புக்கூட அவர்களில் பலருக்கு இருந்திருக்காது. இன்று நம் வீட்டுப் பெண்பிள்ளை பணி ஆணையோடு பேருந்து ஏறுகிறாள். அந்தப் பேருந்துக்குப் பின்னால் இத்தனை பழைய துணிவு இருக்கிறது.

இனி அரசுப் பள்ளிக்குப் போகிறவர்களைப் பார்ப்போம். அரசுப் பணத்தில் முழுமையாக நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. அப்படியானால் நம் விசுவாசத்தைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போவதா என்று சிலர் வருத்தத்தோடு கேட்கிறார்கள். வருந்த வேண்டியதில்லை. கரும்பலகையில் சிலுவை வரைவதைவிடக் கடினமான வேலை நமக்கு இருக்கிறது. பிள்ளைகளை அடிப்பதும் மனம் நோகச் செய்வதும் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடுத்திருக்கிறது. பிரம்பை வைத்துவிட்டோம், சரி. நாக்கை? “உங்க அப்பன் மாதிரி நீயும் கரும்பு வெட்டத்தான் லாயக்கு” என்ற ஒரு சொல் போதும். முப்பது வருடம் கழித்தும் அந்தப் பிள்ளை அதை மறக்காது. போதகராக விரும்புவோர் பலராக இருக்க வேண்டாம் என்று தொடங்குகிற யாக்கோபு திருமுகத்தின் 3-ஆம் அதிகாரம், அடுத்த வரிகளிலேயே நாவைப் பற்றிப் பேசுவது சும்மாவா?

நம் பக்கத்து வகுப்பறைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. நெய்வேலி சுரங்கத்தில் நிரந்தர வேலை பார்ப்பவரின் மகனும், ஒப்பந்தத் தொழிலாளியின் மகளும், சுரங்கத்துக்கு நிலம் போன குடும்பத்துப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காக நெற்பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கியதை நாம் மறந்திருக்க முடியாது. அந்த வயலைப் பார்த்த பிள்ளைக்கும், அதே சுரங்கத்துச் சம்பளத்தில் சாப்பிடும் பிள்ளைக்கும் ஒருவரே பாடம் நடத்த வேண்டும். நிலக்கரி என்ற பாடம் வரும்போது எப்படிப் பேசுவது? யார் பக்கமும் சாயாமல் பேசிவிட்டால் போதும் என்று நினைக்கலாம். போதாது. இரண்டு பிள்ளைகளும் தங்கள் வீட்டுக் கதையைச் சொல்ல அந்த வகுப்பில் இடம் கிடைக்க வேண்டும். ஆண்டவர் இயேசுவும் பன்னிரண்டு வயதில் எருசலேம் கோவிலில் போதகர்கள் நடுவே அமர்ந்தபோது, அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டும் அவர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டும் இருந்ததாகத்தான் லூக்கா எழுதுகிறார்.

சாதி பார்த்து உட்கார வைப்பது, சாதி பார்த்துத் தண்ணீர் எடுத்துவரச் சொல்வது, இவற்றைச் செய்கிறவர் ஞாயிறுதோறும் நற்கருணை வாங்கினாலும் பயனில்லை. இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

உயிர்ப்பு நாள் காலையில் மகதலா மரியா ஆண்டவரைக் கண்டும் அறிந்துகொள்ளவில்லை. தோட்டக்காரர் என்றே நினைத்தார். இயேசு அவர் பெயரைச் சொல்லி அழைத்தார், அவ்வளவுதான். உடனே மரியாவின் வாயிலிருந்து வந்த சொல் ‘ரபூனி’. அதற்குப் போதகர் என்று பொருள். பெயர் சொல்லி அழைத்தபோது ஆசிரியர் யாரென்று தெரிந்துவிட்டது. ஆனால் நம் வகுப்புகளில் எத்தனை பிள்ளைகளுக்கு ஆண்டு முழுதும் ‘ஏய்’, ‘கடைசி பெஞ்சு’ என்பதே பெயர்!

ஆகவே புதிதாகப் பணியேற்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகைப் பதிவேடு கையில் கிடைத்ததும், அந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். இரவு குடும்ப செபத்தில் நாளுக்கு மூன்று பெயரை ஆண்டவரிடம் சொல்லுங்கள். எந்த மதத்துப் பிள்ளையானாலும் சொல்லுங்கள். முப்பது பிள்ளைகள் என்றால் பத்து நாளில் ஒரு சுற்று முடியும். பிறகு மறுபடி முதலிலிருந்து. முகம் நினைவுக்கு வராத பெயர் ஏதாவது இருந்தால், மறுநாள் காலை அந்தப் பிள்ளையிடம் முதலில் போய்ப் பேசுங்கள்.