மணி நாக்கைக் கட்டியவன்

திண்டுக்கல் நாகல் நகரில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருகிறவன் நான்.

இப்போது பிள்ளைகள் கையில் ஒரு பாட்டைக் கொடுத்தால், 'படிமம்', 'குறியீடு', 'தொன்மம்' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள். சங்கப் பாட்டென்றால் முதல், கரு, உரி என்று மூன்று கட்டம் போட்டு நிரப்புகிறார்கள். பெயர் சொன்னால் பாட்டைப் படித்ததாகிவிடுமா? ஆகாது. மார்க் வரும், அவ்வளவுதான்.

திணை, துறை, உள்ளுறை, மெய்ப்பாடு எட்டு எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. நான் பேச வந்தது நோக்கு. தொல்காப்பியச் செய்யுளியல் சொல்லும் 34 உறுப்புகளில் ஒன்று. மாத்திரையில் தொடங்கி அடி முடிகிறவரை, கேட்பவன் எந்த இடத்தையும் சும்மா கடந்துபோக விடாதது நோக்கு. பாவில் இழை அறுந்தால் எங்கள் தெரு நெசவாளர் விரலை ஓட்டியே இடத்தைக் கண்டுபிடிப்பார். அப்படி விரல் வைத்துப் படிக்க வேண்டும்.

அப்படிப் படித்துக் காட்டியவர் தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய பேராசிரியர். எனக்கு அவர்தான் பெரியவர். இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் அப்புறம்தான், சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். நோக்குக்கு அவர் எடுத்துக்கொண்டது அகநானூற்றின் நான்காம் பாட்டு, குறுங்குடி மருதனார் பாடியது. அதைச் சொல் சொல்லாக நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறார். ஆங்கிலத் திறனாய்வாளர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் பாட்டைக் கூர்ந்து படிப்பது பற்றி 1929-இல் போட்ட புத்தகத்தைப் புகழ்கிறவர்கள், அதற்குப் பல நூற்றாண்டு முந்திய இந்த உரையையும் ஒருமுறை புரட்டலாம்.

பாட்டு இதுதான்: கார்காலம் வந்துவிட்டது, தலைவன் வரவில்லை. தோழி ஆறுதல் சொல்கிறாள். அவன் தேர் வருகிற வழியெல்லாம் பூத்த சோலை. அங்கே துணையோடு தேனுண்ணும் வண்டுகள். அவை கலங்கக் கூடாதென்று தேர்மணியின் நாக்கைக் கட்டிவிட்டு வருகிறானாம். வண்டின் துணையைக் கூடப் பிரிக்க மனம் வராதவன் உன்னைத் தவிக்க விடுவானா? இதுவரை எல்லா ஆசிரியரும் சொல்வார்கள்.

ஒருநாள் பின்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்: "மணியக் கட்டிட்டா அவன் வர்றது இவளுக்குக் கேக்காதேய்யா?" எனக்கு மேலே பேச்சு வரவில்லை. கேட்காதுதானே! சத்தமே இல்லையென்று கலங்காதே, சத்தம் இல்லாததாலேயே அவன் வரவில்லை என்று ஆகிவிடாது. தோழி அதையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறாள். மறுபடி சொல்கிறேன்: மணி கட்டப்பட்டதில் அவன் அன்பும் இருக்கிறது, அவள் காதுக்கான சமாதானமும் இருக்கிறது. இதை எந்தக் கட்டத்தில் நிரப்புவீர்கள்?

மாணவர்களுக்கு ஒரு வேலை. அதே பாட்டில் இரலை மானின் கரிய கொம்புக்கு முறுக்கிய இரும்பு உவமை. வினை, பயன், மெய், உரு என்ற நான்கில் இது எது? வடிவத்தைச் சொல்லும் மெய்யா, நிறத்தைச் சொல்லும் உருவா? பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்காரர்களுக்கு இரும்பைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கைடைப் பார்க்காமல் எழுதி, உங்கள் தமிழாசிரியரிடம் காட்டுங்கள்.