கடலில் விளையும் கண்ணுக்குத் தெரியாத பயிர்



வயலில் பயிர் விளைவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். நாற்று நடுகிறார்கள், பச்சை கட்டுகிறது, கதிர் முற்றுகிறது. பருவம் தவறினால் விளைச்சல் குறையும் என்பதும் நமக்குத் தெரியும். கடலிலும் இப்படி ஒரு பயிர் ஆண்டுதோறும் விளைகிறது. அதை யாரும் விதைப்பதில்லை. கையில் நீரை அள்ளிப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால், அது முந்தி விளைகிறதா, பிந்தி விளைகிறதா என்பதைப் பொறுத்து, ஒரு கடலில் மீன் பெருகுவதும் குறைவதும் மாறிவிடக்கூடும்.

அந்தப் பயிரின் பெயர் மிதவைத் தாவரம். அறிவியலாளர்கள் ‘பைட்டோபிளாங்டன்’ என்று அழைக்கிறார்கள். பெரும்பாலும் ஒற்றை உயிரணு கொண்ட இவை, வெயில் இறங்கும் மேல்மட்டக் கடலில் மிதந்து வாழ்கின்றன. உலகில் உள்ள தாவரங்களின் மொத்த எடையில் இவற்றின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. ஆயினும், உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதி இவற்றால்தான் நடக்கிறது. எப்படி? மரம் வளர ஆண்டுகள் வேண்டும். இவையோ ஓரிரு நாட்களில் இரண்டாகப் பிரிந்து பெருகுகின்றன. பெருகிய வேகத்திலேயே உண்ணப்பட்டும் விடுகின்றன. இவற்றை நுண்ணிய விலங்குகள் தின்கின்றன. அந்த விலங்குகளை மீன் குஞ்சுகள் தின்கின்றன. நம் தட்டுக்கு வரும் மீனின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

சரி, இவ்வளவு சிறிய பயிரை அளப்பது எப்படி? கப்பலில் சென்று நீரை எடுத்து வடிகட்டி, அதில் உள்ள பச்சையத்தை அளக்கலாம். ஆனால், ஒரு கப்பல் ஒரு நாளில் ஓர் இடத்தில்தான் நிற்க முடியும். உலகப் பரப்பில் நூற்றுக்கு 71 பங்கு கடல் அல்லவா?

1978ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்கா ஏவிய நிம்பஸ்-7 என்ற துணைக்கோளத்தில், கடலின் நிறத்தைப் பார்ப்பதற்கென்றே ஒரு கருவி முதன்முறையாகப் பொருத்தப்பட்டது. அந்தக் காலக்கட்டத்தில் இந்தத் துறைக்குள் வந்தவர்தான் இந்தியாவைச் சேர்ந்த டாக்டர் சுபா சத்யேந்திரநாத். கடல்நீருக்குள் ஒளி என்ன ஆகிறது என்பதே இவர் ஆய்வு. 1981இல் பாரிசில் முனைவர் பட்டம் பெற்றார்.

அடிப்படைக் கருத்து எளியது. மிதவைத் தாவரத்தில் உள்ள பச்சையம் நீல ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். பயிர் குறைந்த கடல் ஆழ்ந்த நீலமாகத் தெரியும். பயிர் மிகுந்த கடல் பச்சை கலந்து தெரியும். நீலமும் பச்சையும் எந்த அளவில் திரும்பி வருகின்றன என்று கணக்கிட்டால், பயிரின் அளவு தெரிந்துவிடும்.

கருத்து எளிது, கணக்கு எளிதன்று. துணைக்கோளத்தைச் சென்றடையும் ஒளியில் ஏறத்தாழ 10இல் 9 பங்கு காற்று மண்டலத்தில் சிதறி வருவது. கடல் அனுப்பும் சேதி மீதமுள்ள ஒரு பங்கில்தான் இருக்கிறது. கரையோரங்களில் இன்னொரு சிக்கல். ஆறுகள் கொண்டுவரும் சேறும், இலைதழை மக்கிய சாயமும் நீரின் நிறத்தை மாற்றிவிடும். மலாக்கா நீரிணையின் கரையோரம் நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும். எந்த நீரில் எந்தப் பொருள் நிறத்தை ஆள்கிறது என்று பிரித்தறியும் முறையை, 1981இலேயே சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து சுபா வெளியிட்டார்.

பின்னர் இவர் கனடாவில், நோவா ஸ்கோஷியாவின் பெட்ஃபோர்டு கடலியல் ஆய்வுக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் டிரெவர் பிளாட்டுடன் இணைந்து பணியாற்றினார். கடலில் பயிர் எவ்வளவு நிற்கிறது என்பதை மட்டுமல்லாமல், அது எவ்வளவு விளைகிறது என்பதையும் துணைக்கோளப் படங்களைக் கொண்டு கணக்கிட இருவரும் வழி வகுத்தனர். 1995இல் இவர்களும் சக ஆய்வாளர்களும் உலகக் கடல்கள் அனைத்துக்கும் கணக்குப் போட்டார்கள். கடற்பயிர் ஆண்டுக்கு 45 முதல் 50 பில்லியன் டன் கரிமத்தைத் தன்னுள் ஏற்கிறது என்பது அவர்கள் கண்ட விடை.

இனி மீனுக்கு வருவோம். மீன் குஞ்சு பொரிக்கும் நேரத்தில் இரை கிடைத்தால்தான் அந்த ஆண்டு மீன் பெருகும் என்று நார்வே அறிஞர் யோகான் யோர்ட் 1914இல் ஒரு கருத்தை முன்வைத்தார். அதைச் சோதித்துப் பார்க்க, பரந்த கடலில் பயிர் எந்த வாரம் பெருகியது என்று தெரிய வேண்டும். கப்பலால் அது முடியவில்லை.

2003இல் பிளாட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் துணைக்கோளப் படங்களின் துணையோடு இதற்கு விடை கண்டார்கள். நோவா ஸ்கோஷியா கடலில் ‘ஹேடாக்’ என்ற மீன் உண்டு. 1981, 1999 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அதன் குஞ்சுகள் வழக்கத்துக்கு மாறாக ஏராளமாகப் பிழைத்தன. இரண்டு ஆண்டுகளிலுமே வசந்தகாலப் பயிர்ப்பெருக்கம் வழக்கத்தைவிட முந்தியே வந்திருந்தது! பசியோடு பொரித்த குஞ்சுகளுக்கு இரை காத்திருந்தது.

நேயர்களே, இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1981க்கும் 1999க்கும் இடையே என்ன நடந்தது? நிம்பஸ்-7இன் கருவி 1986இல் ஓய்ந்தது. தொடர்ந்து பணியாற்றிய அடுத்த கருவியான சீவிஃப்ஸ் 1997இல்தான் மேலே சென்றது. இடைப்பட்ட சுமார் பத்து வசந்தங்களைத் தொடர்ந்து பார்த்த கண் எதுவும் விண்ணில் இல்லை. அந்த இடைவெளியில்தான், 1992 ஜூலையில், அருகிலுள்ள நியூஃபவுண்ட்லாந்து கடலில் ‘காட்’ மீன் பிடிப்பதற்குக் கனடா தடை விதித்தது. பல நூற்றாண்டு மீன்பிடிப்பு நின்றது. பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள். அளவுக்கு மீறிப் பிடித்ததே முக்கியக் காரணம். ஆனால், அந்த ஆண்டுகளில் கடற்பயிர் முந்தியதா, பிந்தியதா? எந்தப் பணத்தாலும் இனி அந்தப் படங்களை எடுக்க முடியாது.

இந்தப் பாடத்தின் அருமை தெரிந்ததால்தான், சுபாவின் பிற்காலப் பணி தொடர்ச்சியைக் காப்பதில் சென்றது. இங்கிலாந்தின் பிளிமத் கடல் ஆய்வுக்கூடத்திலிருந்து, ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் கடல் நிறத் திட்டத்துக்கு 2010 முதல் தலைமையேற்றார். வெவ்வேறு நாடுகளின் துணைக்கோளங்கள் 1997 முதல் எடுத்த அளவீடுகளை ஒரே சரமாகக் கோக்கும் வேலை அது. ஒவ்வொரு கருவிக்கும் பார்வை சற்றே மாறும். அதைத் திருத்தாமல் ஒட்டினால், கருவி மாறியதையே கடல் மாறியதாக எண்ணி ஏமாந்துவிடுவோம்.

கடல் உண்மையிலேயே மாறுகிறதா? 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரே துணைக்கோளக் கருவியின் 20 ஆண்டு அளவீடுகளைப் பார்த்தது. உலகக் கடற்பரப்பில் 56 விழுக்காட்டுக்கு மேல் நிறம் மாறியிருப்பதாகவும், நிலநடுக்கோட்டுப் பகுதிகள் பெரும்பாலும் பச்சை கூடி வருவதாகவும் அது கூறியது. அதாவது, நம் பக்கத்துக் கடல்களும் இந்தக் கணக்குக்குள் வருகின்றன. இருபது ஆண்டு இடைவிடாமல் பார்த்ததால்தான் இதைச் சொல்ல முடிந்தது.

மேலிருந்து பார்ப்பது மட்டும் போதுமா? போதாது. துணைக்கோளம் சொல்வதைச் சரிபார்க்க நீரில் கை வைத்தே ஆகவேண்டும். கேரளத்தின் வேம்பநாட்டு ஏரியில், இந்திய ஆய்வாளர்களோடு சுபாவும் பிளாட்டும் சேர்ந்த ஓர் ஆய்வில், ஊர் மக்களிடமே ஒரு சிறு வெள்ளை வட்டத்தகட்டைக் கொடுத்தார்கள். அதை அளவு நாடாவில் கட்டி நீரில் இறக்க வேண்டும். எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது, நீர் என்ன நிறம் என்று கைத்தொலைபேசியில் பதிய வேண்டும். அவ்வளவுதான்.

டாக்டர் பிளாட் 2020இல் காலமானார். இவர்களைப் போன்றோர் தொடங்கிய பணி நிற்கவில்லை. இந்தியாவின் ஓஷன்சாட் வரிசையில் புதிய துணைக்கோளம் 2022 நவம்பரில் ஏவப்பட்டது. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் ‘பேஸ்’ துணைக்கோளம் மேலே சென்றது.

இதற்கெல்லாம் இவ்வளவு செலவா என்று கேட்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். உழவர் ஒருவர் பத்து ஆண்டுகள் தம் வயல் பக்கமே போகாமல் இருந்துவிட்டு, விளைச்சல் ஏன் குறைந்தது என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? கடல் என்ற வயலை ஒருமுறை அப்படி விட்டுவிட்டோம். மறுமுறை விடக்கூடாது.